கழுதை இருந்த கேசட்

வாப்பாவின் சிரிப்பு முதலில் மூக்கில் 'புஸ்' என்று சீறும், பிறகு தோள்களைக் குலுக்கும், கடைசியில்தான் சத்தமாக வெளியே வரும். அது எப்போதும் என் அண்ணன், காக்காவின் பக்கமே திரும்பியிருக்கும்.

மூத்தவன் என்று காக்காவை மட்டும் வாப்பா ஷார்ஜாவுக்குக் கூட்டிப்போய் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தார். காயல்பட்டினத்தில் உம்மாவோடு இருந்த என் படிப்பு ஐந்தாவதோடு முடிந்தது. தொண்ணூறுகளில் ஒரு லீவுக்கு இருவரும் வந்தபோது, சாப்பிடுகையில் காக்கா "மாமாவுக்குக் காய்ச்சல்!" என்றாலே போதும், வாப்பாவுக்குப் புரையேறிவிடும்.

"என்ன வாப்பா அது?"

"பாத்தாத்தான்டா தெரியும்."

அது ஒரு கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம், சினிமா பேசத் தொடங்கிய புதிதில் பிரிட்டனில் எடுத்தது. வாப்பாவின் 'பக்காலா'வில் மளிகை வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போன வீடியோ கேசட். அதில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் மாடியறையில் கழுதையை ஒளித்து, தொப்பி மாட்டி, போர்வை போர்த்தி, மாமாவுக்குக் காய்ச்சல் என்பான். அவள் கஞ்சி கொண்டுவந்து நாடி பார்ப்பாள். எல்லாம் காக்கா சொன்னதுதான். "நீ எங்கடா பாக்கப்போறே" என்பதையும் சேர்த்தே சொல்வான். எனக்கு வயிறு எரிந்தது. வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சிரிக்கும் இடத்தில் நானும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் உம்மாவும் நானும் விசிட் விசாவில் போனோம். கூச்சத்தை விட்டு முதல் நாளே கேசட்டைக் கேட்டேன். வாப்பா தலையைச் சொறிந்தார். ஓமானில், சோஹாரில் வேலை பார்த்த பெரியவாப்பா லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்துக்கே போக முடியாதவர். ஊரிலிருந்து ஆள் மூலம் வந்த கல்யாண கேசட்டை அவருக்கு அனுப்புமுன், பக்கத்து ரூமில் இன்னொரு வீடியோ 'டெக்' இரவல் வாங்கி நகல் எடுத்திருக்கிறார்கள். புதுக் கேசட் இல்லாததால், கழுதைப் படக் கேசட்டில், பதிந்தது அழியாமலிருக்க விட்டிருந்த ஓரத்து ஓட்டையில் டேப் ஒட்டி, அதன் மேலேயே பதிந்துவிட்டார்கள்.

"கல்யாணத்தை விடவா கழுதை பெருசு?" என்று உம்மா அதட்டினார்.

போட்டுப் பார்த்தேன். கழுதை இருந்த இடத்தில் நான் இருந்தேன், பந்தியில், கேமரா வெளிச்சத்துக்குக் கூசித் தலையைக் குனிந்தபடி.

இன்று டெக் இல்லை, பக்காலா இல்லை, வாப்பாவும் இல்லை. கேசட்டில் ஒட்டியிருந்த பெயரை வைத்து என் மகள் போனில் தேடினாள். பிரதி எங்குமே கிடைக்காத படங்களில் அதுவும் ஒன்றாம். பெருநாளுக்கு வந்த காக்காவிடம் சொன்னேன்.

"என்ன கழுதைடா?" என்றான். மறந்தே போயிருந்தான். முதலிலிருந்து நான்தான் சொன்னேன், பார்த்தவனுக்குப் பார்க்காதவன். கஞ்சி வந்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த எடத்துலதான்டா வாப்பா சிரிச்சு உருண்டு கட்டில்லேருந்து கீழே விழுந்தாங்க."

இதை அவன் என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை.