செக்கரும் பெரியம்மாவின் பகல் தூக்கமும்

என் பெரியப்பாவை ஊரில் எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்வார். தம்பி மகளான எனக்கும் அதே மரியாதைதான்.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு பெரியம்மாவால் நடக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். பெரியப்பா தனியாகத் தூக்கப் போய், இருவரும் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார்கள். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். ஒருத்தி எந்நேரமும் போனில் பேசுகிறாள் என்று விரட்டினார். அடுத்தவள் பேசவே மாட்டேன் என்கிறாள், எதையோ மறைக்கிறாள் என்று அவளையும் விரட்டினார். இன்னொரு முறை விழுந்தால் பெரியம்மாவை மீட்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் முதியோர் இல்லம் பார்க்கக் கிளம்பினார்.

முதலில் முதியோருக்கென்றே கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இருவரும் சேர்ந்தே இருக்கலாம், மூன்று வேளையும் சாப்பாடு, லிஃப்ட், தோட்டம். இவளை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்று பெரியப்பா கேட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே நூலகத்தைக் காட்டினார். யார் காதில் பூ சுற்றுகிறான் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்துவிட்டார். அந்தச் சந்தேகம் நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது நான் விசாரித்து வைத்திருந்த பராமரிப்பு இல்லம். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தாலும் படுக்கைகள் சுத்தமாக இருந்தன. ஆனால் நோயாளி மட்டும்தான் தங்கலாம், உறவினர்கள் பகலில் வந்து போகலாம். பெரியப்பா விரிப்புகளை மோந்து பார்த்தார். கட்டிலோரத்து மணியை அழுத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பணிப்பெண் ஓடியே வந்துவிட்டாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவருக்கு ஏக வருத்தம். ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம் என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். நான் போனபோது பெரியம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"இவ பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்ல. மாத்திரை குடுத்து மயக்கி வெச்சிருக்காங்க. இந்த இடத்தக் காட்டினது நீதானே, உனக்கு என்ன குடுக்கறாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மாவுக்குக் கொடுத்த மாத்திரை ஒன்றை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். டாக்டர் எழுதிய சத்து மாத்திரைதான் அது என்று கடைக்காரர் சொல்லியும் நம்பவில்லை. கடைக்காரரும் இவர்கள் ஆளாம். தலைமை நர்ஸைக் கட்டிலருகே வரவழைத்து, எதைக் கலந்து கொடுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

அந்தச் சத்தத்தில் பெரியம்மா கண் விழித்தாள்.

"எதுவும் கலக்கல. வீட்ல ராத்திரி பூரா மூச்சு வருதான்னு தட்டித் தட்டி எழுப்புவீங்க. பகல்ல கண்ணசந்தா தோளப் புடிச்சு உலுக்குவீங்க. இங்க யாரும் என்னை எழுப்பறதில்ல."

நர்ஸ் மெல்ல நகர்ந்துவிட்டாள். பெரியப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பயந்துபோய்த்தானே எழுப்பினீங்க. எப்படிச் சொல்றது?" என்று கேட்டவள், "நான் இங்கேயே இருந்துக்கறேனே" என்றாள்.

பெரியம்மா மறுபடியும் கண்ணை மூடினாள். சிறிது நேரத்தில் பெரியப்பாவின் விரல் பழக்கத்தில் அவள் மூக்கருகே போனது. போன விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பணிப்பெண் டீ கொண்டுவந்து பெரியம்மாவின் தோளைத் தொடப் போனாள். பெரியப்பா கை நீட்டித் தடுத்தார்.

"எழுப்பாதம்மா. தூங்கட்டும்."