பலூன் அக்காவின் நான்கு நாள் விடுமுறை

என்னை எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டென்று பொரிந்துவிடுகிறேனாம். தீவுக்கும் கரைக்கும் நடுவே படகு ஓட்டுகிறவன் பொரியாமல் என்ன செய்வான்? கிளம்புகிற நேரத்தில்தான் ஒருத்தருக்குச் செருப்பு காணாமல் போகும், இன்னொருத்தருக்கு அறையில் விட்டு வந்த சார்ஜர் ஞாபகம் வரும். சின்னக் குழந்தையோடு வருகிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். பால் புட்டி, தொப்பி, தள்ளுவண்டி, மாற்றுச் சட்டை, அந்த மாற்றுச் சட்டைக்கு ஒரு மாற்றுச் சட்டை என்று வீட்டையே காலி செய்துகொண்டு வருகிற மாதிரி ஏறுவார்கள். நான் யாருக்காகவும் இன்ஜினை அணைத்துக் காத்திருக்கிற ஆள் இல்லை.

அப்படி வந்து இறங்குகிற பொடிசுகளை மேய்க்கிற வேலை பலூன் அக்காவுக்கு. தீவில் இருக்கிற ஒரே விடுதியில் குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பலூனைக் கட்டியிருப்பாள். கடற்கரையில் எந்தப் பக்கம் நின்றாலும் குழந்தைகளுக்கு அவள் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக. எனக்கு அவள் தங்கை வயதுதான், ஆனாலும் ஊரோடு சேர்ந்து நானும் சில சமயம் அக்கா என்றுவிடுவேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழந்தையை முதலில் காய்ந்த மணலில் இறக்க மாட்டாள். அது சுடும், காலில் ஒட்டும், அப்புறம் அந்தக் குழந்தை ஊருக்குப் போகும்வரை மணலைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொள்ளும். ஈர மணலில்தான் இறக்குவாள். வெயில் ஏறுவதற்குள் கடல், அதற்குமேல் பந்தல் போட்ட சின்னக் குளம், மத்தியானம் தூக்கம். சாயங்காலம் வாளியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து அதில் ஒரு நண்டை விட்டு, எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்து முடித்ததும் கடலில் விட்டுவிட வேண்டும்.

"அழுவுற பிள்ளைகிட்ட நாம ஓடக் கூடாதுண்ணே" என்று ஒருநாள் சொன்னாள். "நாம பாட்டுக்கு ஒரு வாளியை வெச்சுக்கிட்டு நம்ம வேலையைப் பார்க்கணும். அதுவா வரும்."

வரும். நான் பார்த்திருக்கிறேன். தாய் தகப்பனே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியில் மணல் அள்ளிக்கொண்டிருப்பாள். ஊரைக் கூட்டி அழுத குழந்தை, மூக்கை உறிஞ்சியபடி மெல்ல வந்து பக்கத்தில் உட்காரும்.

அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே இவளும் தீவுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். விடுதியில் வேலை செய்கிறவர்கள் குழந்தைகளை உடன் வைத்துக்கொள்ள அப்போது இடம் கிடையாது. குழந்தை கரையில் நாத்தனார் வீட்டில் வளர்ந்தது. நாத்தனார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். பிள்ளை இல்லை. இதைக் கண்ணில் வைத்து வளர்த்தார்.

சாயங்காலம் ஆனால் இவள் போனில் முகம் காட்டுவாள். கொஞ்ச நேரம் கொஞ்சல், கடைசியில் நாத்தனார், "அம்மாவுக்கு டாட்டா காட்டு" என்பார். மாதம் ஒரு தடவை நேரில் போனாலும் முடிவு அதுதான். வாசலில் செருப்பு போடும்போது டாட்டா காட்டச் சொல்வார்கள். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், அம்மா முகத்தைக் கண்டதுமே குழந்தை கையை ஆட்டத் தொடங்கியது. வாயைத் திறக்கும் முன்பே டாட்டா. அந்த முகத்துக்குச் செய்ய வேண்டியது அதுதான் என்று அதன் நினைப்பு.

இதை ஒருநாள் படகில் சிரிப்புக் கதையாகச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கி விருந்தாளிகள் குறைந்ததும், காலியாகக் கிடக்கும் அறைகளில் வேலைக்காரர்களின் குடும்பம் நான்கு நாள் வந்து தங்கலாம் என்று மேனேஜர் சொன்னார். இவளைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். ஊழியர் குடியிருப்பில் குடும்பத்தோடு தங்குகிற ஒரு வீடு காலியாகியிருக்கிறது. பெண்ணைப் பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் கூடவே வைத்துக்கொள்ளலாம். வருகிற குழந்தைகளோடு அதுவும் ஒன்றாக விளையாடட்டும். ஆனால் நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தால் சரிப்படாது.

"இழுத்து வெச்சுக்க மாட்டேண்ணே" என்றாள் என்னிடம். "இந்த நாலு நாள்ல அவளா என்கிட்ட வந்தா இருக்கட்டும். இல்லேன்னா அண்ணிகூடவே போகட்டும். அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் பிடிச்சும் வெக்க மாட்டேன், தள்ளியும் விட மாட்டேன்னாங்க."

அந்த அம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை. கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் வந்த அன்று பலூன் அக்கா படகுத்துறையின் நுனியில் நின்றாள். இன்னும் ஓரடி வைத்தால் கடல். படகு முட்டியதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நாத்தனாரின் தோளில் இருந்த வாண்டு அவளை ஒரு பார்வை பார்த்தது. அழகாகக் கையை ஆட்டி டாட்டா காட்டிவிட்டு முகத்தை அத்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

"இப்பத்தானே வந்திருக்கோம், அதுக்குள்ள வழியனுப்புறியா?" என்று நாத்தனார் சிரித்து மழுப்பினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல் அவள் தன் வித்தை அத்தனையும் இறக்கினாள். ஈர மணல், வாளி, நண்டு, சின்னக் குளம், வாத்து மாதிரி மிதக்கும் டியூப். வந்த விருந்தாளிக் குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் செய்வதை ஒரே நாளில் செய்தாள். குழந்தை எல்லாவற்றையும் ரசித்தது, அத்தையின் இடுப்பில் இருந்தபடி. இவள் நெருங்கினால் போதும், கை ஆட ஆரம்பித்துவிடும். அவளைவிட நண்டுகூட அதனிடம் அதிக நேரம் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் என் கண்ணாடிப் படகில் கூட்டிப்போனேன். அடிப்பலகைக்குப் பதில் கண்ணாடி போட்ட படகு. கீழே மீன் போவது தெரியும். பாதி சின்னக் குழந்தைகள் அதைப் பார்த்ததும் படகில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொள்ளும். இதுவும் தூக்கியது. பார்த்தால், நாத்தனாரும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தண்ணி உள்ள வராதும்மா" என்றேன்.

"வராதுன்னு எனக்கும் தெரியும். காலுக்குத் தெரியலையே" என்றார்.

எதிரே மண்டியிட்டு உட்கார்ந்த பலூன் அக்கா, குரலை உச்சிக்கு ஏற்றி, "ஹாய் செல்லம்! யாரு வந்திருக்காங்க பாருங்க! மீன்குட்டி வந்திருக்காங்க! ஹலோ சொல்லலாமா?" என்றாள். விருந்தாளிகளின் குழந்தைகளிடம் பேசுகிற அதே குரல். பாருங்க, வாங்க, சொல்லுங்க. பெற்ற பிள்ளைக்கு வாங்க போங்க! குழந்தை மீனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கையை மட்டும் ஆட்டியது.

எனக்கு எரிச்சலா துக்கமா என்று தெரியவில்லை. பொரிந்துவிட்டேன்.

"உன் பிள்ளைதானே அது? இங்க தங்கிட்டுப் போற கெஸ்ட்டா? ஓடக் கூடாது, ஓடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவே. வந்ததுலேருந்து நீதான் அது பின்னாடி ஓடிக்கிட்டிருக்கே."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, அவ வயித்தெரிச்சல் அவளுக்கு" என்று நாத்தனார் என்னை ஒரு முறை முறைத்தார். படகைத் தீவுப் பக்கம் திருப்பினேன்.

மூன்றாம் நாள் பேய் மழை. படகு ஓடவில்லை. குழந்தைகள் அறையில் ஒழுகுகிறது என்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே பலூன் அக்கா விளையாட்டுச் சாமான்களைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. வாளிகள், குட்டி மண்வெட்டிகள், நிறம் போன வாத்துகள். பாட்டும் இல்லை, செல்லமும் இல்லை. நாத்தனார் சுவர் ஓரமாக உட்கார்ந்து, கிழிந்த பொம்மை ஒன்றுக்கு ஊசி நூலில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மடியில்.

நான் ஏணியில் ஏறித் தார்ப்பாயைக் கட்டி முடிப்பதற்குள், கழுவி முடித்தவள் அங்கிருந்த மெத்தையில் சாய்ந்தாள். இரண்டு நாளாகக் கண்ணை மூடியிருக்க மாட்டாள் போல. அப்படியே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடுப்புப் பலூன் காற்று இறங்கிச் சுருங்கிக் கிடந்தது.

குழந்தை அத்தையின் மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. ஒரு வாளியை எடுத்தது, வைத்தது. இன்னொன்றை எடுத்தது. அப்படியே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு மெத்தைவரை வந்துவிட்டது. வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தது. இப்போது கை ஆடப்போகிறது என்று நினைத்தேன். கை அவள் தோளுக்குப் போனது. ஈரக் கையால் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தட், தட், தட்.

நாத்தனார் ஊசியைக் கீழே வைத்தார். "நான் தூங்க வெக்கிற மாதிரியே தட்டுறா பாரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பலூன் அக்கா விழித்துவிட்டாள். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து கண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. ஆனாலும் அசையவில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தாள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்த குழந்தை அவள் கையை ஒட்டியே படுத்துத் தூங்கிப்போயிற்று. ஏணியில் நின்ற எனக்கு இறங்கினால் சத்தம் கேட்குமே என்று பயம். மழை விடுகிறவரை பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அவளிடம், "அப்போ முடிவாயிடுச்சு இல்ல?" என்றேன்.

"ஒரு மழை நாளை வெச்சு என்னண்ணே முடிவு பண்றது? காலையில பார்க்கலாம்" என்றாள். என்மேல் இருந்த கோபம் போயிருந்தது.

காலையில் வானம் வெளுத்திருந்தது. மறுபடி விருந்தாளிகள் வரத் தொடங்கும் நாள். அவர்களை ஏற்றிவர அன்று கண்ணாடிப் படகிலேயே நான் கரைக்குப் போக வேண்டும். பலூன் அக்கா சீருடையில் வந்தாள், புதுப் பலூன் கட்டியிருந்தாள். நாத்தனார் குழந்தையோடு படகில் ஏறி உட்கார்ந்தார். நான் இன்ஜினைக் கிளப்பினேன்.

நாத்தனாரின் வாய்ப் பழக்கம், தானாக வந்துவிட்டது. "கண்ணு, அம்மாவுக்கு டாட்டா காட்டு."

குழந்தையின் கை எழுந்தது. பாதியில் நின்றது. தன் கையையே ஒரு தடவை பார்த்துவிட்டு, இழுத்து அக்குளுக்குள் வைத்து மூடிக்கொண்டது.

"மாட்டேன்" என்றது.

பிறகு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "அம்மா, வா" என்றது.

"அம்மாவுக்கு வேலை இருக்குடி" என்றாள் பலூன் அக்கா. வாங்க போங்க இல்லை, உச்சிக் குரலும் இல்லை. அவளுடைய சொந்தக் குரல். ஓடி வரவும் இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு நிற்க அவள் என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

குழந்தை மடியிலிருந்து இறங்கியது. படகுக்கும் துறைக்கும் நடுவே போட்டிருந்த பலகையை நோக்கி நடந்தது. நான் இன்ஜினை அணைத்துவிட்டு, பலகைக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். நாத்தனார் பின்னாலிருந்து அதன் சட்டை நுனியைப் பிடித்திருந்தார். பலகையின் பாதியில் அவர் கை எட்டவில்லை. விட்டுவிட்டார்.

மீதிப் பலகையைக் குழந்தை தவழ்ந்து கடந்தது. அந்தப் பக்கம் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் குனிந்தாள். பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்தபோது அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

நாத்தனார் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கொடுத்துடுப்பா. ராத்திரியே தனியாத்தான் கட்டி வெச்சேன்." பிறகு துறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாலைக் கொஞ்சம் ஆத்திக் கொடு. தூங்கறப்போ காது மடலைத் தடவிக் கொடுக்கணும், இல்லேன்னா தூங்க மாட்டா."

"சரி அண்ணி" என்றாள் அவள்.

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கண்ணு, அத்தைக்கு டாட்டா காட்டு."

சற்று முன் அக்குளுக்குள் ஒளிந்த கை இப்போது எழுந்தது. ஒன்றுக்கு இரண்டு கையாக ஆட்டியது.

படகு துறையை விட்டு வெகுதூரம் வந்த பிறகும் அந்தச் சிவப்புப் பலூன் தெரிந்தது. நாத்தனார் அதையே பார்த்தபடி இருந்தார். கீழே கண்ணாடியில் மீன்கள் போயின. காலைத் தூக்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

"ஏம்ப்பா, இனிமே போன்ல என்னைப் பார்த்தா டாட்டா காட்டுவா, இல்ல?"

இன்ஜின் வேகத்தைக் குறைத்து அவர் பக்கம் திரும்பினேன்.

"சனிக்கிழமை காலையில போட் இருக்குதுக்கா" என்றேன். "நீங்க வர வரைக்கும் எடுக்க மாட்டேன்."