திட்டினால் டீ

ராயபுரத்தில் எங்கள் பழைய கம்பெனி ஒரு சந்துக்குள் இருந்தது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் வேலை. அங்கே யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. யார்டு சூப்பர்வைசருக்குத்தான் எல்லாரையும்விடப் பெரிய தொண்டை. லாரிச் சத்தத்தையும் மீறி அவர் திட்டுவது தெருமுனை வரை கேட்கும். ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. திட்டினவர்தான் திட்டு வாங்கினவருக்கு டீ வாங்கித் தரவேண்டும். டீயைக் குடித்துவிட்டால் அந்தச் சண்டையை அப்புறம் யாரும் எடுக்கக்கூடாது. என்னை அவர் திட்டாத வாரமே கிடையாது. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்த பெரிய கம்பெனியோடு எங்களை இணைத்தார்கள். கண்ணாடி அறை, ஏசி, கழுத்தில் அட்டை. இரண்டு கம்பெனி ஆட்களும் பழகவேண்டும் என்று ஒருநாள் பயிற்சி வேறு. ஒரு பலூனை இரண்டு பேர் நெற்றியால் தாங்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். நடந்தோம். அவ்வளவுதான், ஒன்றாகிவிட்டோமாம்!

அந்தக் கம்பெனியின் அதிகாரி ஒருவர் கோயம்புத்தூர்க்காரர். ப்யூனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அவர் கேட் பாஸ் போட மறந்துவிட்டார். வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் சூப்பர்வைசர் நேராக அவர் அறைக்குள் போனார்.

"இன்னா நைனா, தூங்கினு கீறியா? வண்டிங்க எண்ணூர் வரைக்கும் நின்னுகினு கீது!"

ஆபீசே எட்டிப் பார்த்தது. பாஸ் வாங்கி வண்டிகளை அனுப்பிவிட்டு, வெளியே போய் டீ வாங்கிவந்து, அவர் மேசையில் வைத்துச் சிரித்தார் நம்ம ஆள். அந்த மனிதருக்கு என்ன தெரியும், பாவம். திட்டியது போதாதென்று கேலியும் செய்கிறார் என்று புகார் எழுதிவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். வேலை போய்விடும் என்றே பேச்சு. ஐம்பது வயதுக்கு மேல் அவரை எவன் சேர்த்துக்கொள்வான்? சாட்சிக்குக் கூப்பிட்டபோது டீ விஷயத்தை விளக்கிச் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படீங்களா! வேலையை விட்டெல்லாம் எடுக்க வேண்டாமுங்க" என்றார். நல்ல மனிதர். இனி குரலை உயர்த்தமாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். நானும் அவரும் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் திருவொற்றியூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் போயிருக்கும். சரக்குப் பேப்பரில் கண்டெய்னர் நம்பரை மாற்றிப் போட்டுவிட்டேன். வண்டி மத்தியானம் முழுக்க வெயிலில் நின்றது. சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்பர் மாறிடுச்சு சார். கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்றார், காதுக்கே எட்டாத குரலில்.

இருபது வருஷமாக நான் அவருக்கு மாமு. மாற்றிக் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை.

"மாமு, ஒரு தடவை திட்டிட்டுப் போ மாமு" என்றேன்.

கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வேலை கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.