புதன்கிழமைக்கு இரண்டு மூலை

நான் பிறந்தது பர்மாவில், யாங்கூனின் இன்சீன் ரயில்வே லைனில். வாழ்க்கைப்பட்டது அதே ஊரில், லத்தா பேட்டைக்குப் பக்கத்துத் தெருவில். இரண்டு இடத்திலும் தமிழ்ப் பையன்களின் கால்பந்து அணி இருந்தது. தொண்ணூறுகளில், மழை விட்டதும் நம் ஆட்கள் நடத்தும் போட்டியில் இரண்டும் வருடாவருடம் மோதிக்கொள்ளும். தெரு அணிக்குத் தலைவர் என் கணவர். இன்சீன் அணியின் கோல்கீப்பர் என் அண்ணன். இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்களை இன்றைக்கும் நான் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு அணிகளின் கணக்கே விசித்திரமானது. லீக் ஆட்டமென்றால் பெரும்பாலும் எங்கள் தெருதான் ஜெயிக்கும். நாக்-அவுட் என்று வந்துவிட்டால் இன்சீன். இரண்டு முறை அரையிறுதியில் சந்தித்தார்கள். இரண்டு முறையும் ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனது. இரண்டு முறையும் இவர் அடித்த கடைசிப் பந்தை என் அண்ணன் பிடித்தான். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு பிரியாணி போடவேண்டும் என்பது வழக்கம். அண்ணனுக்கு நானே பரிமாறினேன். "மாப்ளே, கறி பஞ்சா வெந்திருக்கு" என்பான். இவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே!

அவன் பிடித்ததில் மாயம் ஒன்றுமில்லை. பர்மாவில் பிறந்த கிழமைக்கு ஒரு திசை உண்டு. பகோடாவுக்குப் போனால் அவரவர் கிழமைக்குரிய மூலையில் இருக்கும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகும் நாங்களும் இதை விட்டதில்லை. இவர் புதன்கிழமை பிறந்தவர், புதனுக்குத் தெற்கு. எங்கள் மைதானத்தில் பெனால்டி அடிப்பது மேற்குப் பக்கத்து கோலில். அதைப் பார்த்து நின்றால் இடது மூலை தெற்குப் பக்கம், வலது மூலை வடமேற்கு. கிழமை கைவிடாது என்று நம்பி இவர் இடது பக்கமே அடிப்பார். பகோடாவில் இவர் தெற்கு மூலையில் தண்ணீர் ஊற்றுவதை அண்ணன் கூடவே நின்று பார்த்திருக்கிறான். பிறகு பிடிக்க என்ன கஷ்டம்? முதல் முறை பட்டும் இரண்டாம் முறை அங்கேயே அடித்த மனிதரை என்ன சொல்வது. அன்றைக்குக் காற்று சரியில்லையாம்.

மூன்றாவது தடவையும் அரையிறுதியில் இன்சீன்தான் என்று முடிவானபோது, இவருக்கு முட்டி வீங்கி, இந்த வருடத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை உங்க அண்ணனைத் தாண்டி பந்து உள்ள போயிடணும். அப்புறம் பூட்ஸைத் தூக்கி யாருக்காச்சும் குடுத்துடறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கும் அது நடக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அண்ணன் மேல் பாசம் வேறு, இது வேறு.

அந்த வாரம் ஒரு நாள், "காலையில பொறந்ததுக்குத் தெற்குன்னா தெற்கேயேவா அடிக்கணும்?" என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார்.

"அவன் எங்கே காலையில பொறந்தான்? விளக்கு வைக்கிற நேரம்ல!"

சட்டையில் ஒரு கையை நுழைத்தபடியே இவர் அப்படியே நின்றுவிட்டார். பர்மாக்காரர்களுக்குப் புதன்கிழமை இரண்டு. மத்தியானம் வரைதான் அது புதன், திசை தெற்கு. அதற்குப் பிறகு ராகு, திசை வடமேற்கு. மாமியாருக்கோ புதன் என்றால் முழு நாளும் புதன். யாரும் நேரம் கேட்கவில்லை, காலை என்றே எடுத்துக்கொண்டார்கள், அவரும் சொல்லவில்லை. மனுஷன் விவரம் தெரிந்த நாளிலிருந்து வேறு யாருடைய மூலையிலோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

"அதான் ரெண்டு தடவையும் போச்சு" என்றார். மறுநாளே போய் வடமேற்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடக்கூடாது" என்று எனக்கு உத்தரவு.

ஆட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் சுற்று ரயில் ஏறி வீட்டுக்கு வந்தான். இவர் இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே, "மாப்ளைக்கு முட்டி எப்படி இருக்கு? இதோட நிறுத்தப்போறாராமே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"பெனால்டி வந்தா அதே தெற்குதானே, பாப்பா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேவு பாக்க வந்தியா? நாளைக்கு மைதானத்துல வந்து பாத்துக்க. போ!" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் விடவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டான். புகுந்த வீட்டைக் காட்டிக்கொடுக்காத பெருமையில் அன்றைக்கு நான் நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் ஆட்டம் மறுபடி சமன். மறுபடி பெனால்டி. மறுபடி கடைசிப் பந்து இவருக்கு. லேசாக நொண்டியபடி ஓடிவந்து வடமேற்கே அடித்தார், நல்ல அடி. அண்ணனும் வடமேற்கே விழுந்தான். பந்து அவன் நெஞ்சிலேயே போய் ஒட்டிக்கொண்டது. இன்சீன்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் மட்டும், யார் பிள்ளையையோ தவறிக் கையில் கொடுத்துவிட்டதுபோலப் பந்தைப் பார்த்தபடி கிடந்தான். இவரே போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"திசையை மாத்தியும் கண்டுபிடிச்சிட்டீங்களே மச்சான்!" என்றார். தோற்ற வருத்தத்தைவிட அந்த ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது.

பிரியாணி அன்றைக்கும் எங்கள் வீட்டில்தான். அண்ணன் இலையில் கை வைக்கவில்லை. எழுந்து அடுப்படிக்கு வந்தான்.

"அவரு எப்பவும்போல தெற்கே அடிப்பாருன்னுதான் பாப்பா நான் வடமேற்கே விழுந்தேன். கடைசித் தடவையாச்சும் போகட்டுமேன்னு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"நேத்து அதுக்குத்தானே வந்தேன். தெற்குதானான்னு கேட்டேன். நீ வெரட்டிட்டே." இவரிடம் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

முன்கூடத்தில் இவர் எல்லோருக்கும் கேட்கும்படி, என் மச்சானைப் போல ஒரு கோல்கீப்பர் யாங்கூனிலேயே கிடையாது, மனசில் நினைப்பதைக்கூடப் படித்துவிடுவார் என்று பேசிக்கொண்டிருந்தார். குரலில் பொறாமை துளியும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து புகுந்த வீட்டுப் பேச்சை ஒரு முறைகூட நான் பிறந்த வீட்டில் சொன்னதில்லை. அந்த ஒரு நாள் சொல்லியிருந்தால் இவர் ஜெயித்திருப்பார்.