கேம்பர் கடலில் குத்திய மீன்

தொண்ணூறுகளில் ஒரு கோடை ஞாயிறு, நாங்கள் குடியேறியிருந்த ஆங்கில நகர்ப்பகுதியான மோர்டனிலிருந்து குடும்பத்தோடு கேம்பர் கடற்கரைக்குப் போயிருந்தோம். வெறுங்காலோடு அலையில் நின்ற மனைவி திடீரென அலறினாள்.

“ஐயோ, என்னவோ குத்திப்போட்டுது!”

பாதத்தில் பொட்டாக இரத்தம். யாழ்ப்பாணத்துக் கடற்பாம்பு நினைவுக்கு வர, அவளைத் தூக்கிவந்து மணலில் இருத்தினேன். சோடாப் போத்தல்களோடு கொண்டுவந்த ஐஸை வைத்து அழுத்தினேன்.

“எடுங்கோ, வலி கூடுது. தாங்க ஏலாது!”

ஓடிவந்த உயிர்காப்பாளர் ஐஸைத் தட்டிவிட்டார். மணலில் புதைந்திருக்கும் சிறிய விஷமீன் குத்தியிருக்கிறது, சூடுதான் இதற்கு மருந்து என்றார். தேநீர்க் கடையில் ஒரு வாளி வெந்நீர் வாங்கி, பொறுக்கக்கூடிய சூட்டில் காலை வைக்கச் செய்தார். அரை மணி நேரத்தில் அவள் முகம் தெளிந்தது.

“இஞ்சாருங்கோ, இப்ப சுகம். பிள்ளையளைக் கூப்பிடுங்கோ, சாப்பிடுவம்.”

இப்போது ரப்பர் சப்பாத்து இல்லாமல் எங்கள் வீட்டில் எவரும் கடலில் இறங்குவதில்லை. என் பையில் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் இருக்கும்.