கத்தரிக்காய் சுமந்த வேட்டை நாய்

ஈரமான நாய் மயிரின் வாடையும் பச்சைக் கத்தரிக்காய்த் தோலின் வாடையும் ஒன்றாய்க் கலந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். அந்தச் சிலரில் நான் ஒருவன். நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால், காடு தொடங்கும் சரிவில், ஒரு கோடை முழுவதும் என் கைகள் அப்படித்தான் மணத்தன. அந்தக் கோடையில் நான் நம்பிய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடிக்கலாம்: எங்கள் வீட்டுக்கு வந்த வேட்டை நாய் சைவமாகிவிட்டது என்று நம்பினேன். பதினொரு வயதுக்காரன் ஒருவன் நம்பக்கூடிய அளவைத் தாண்டியும் நம்பினேன்.

நாயின் பெயர் பெல்லா. கறுப்பும் செம்மண் நிறமுமாய், காது தொங்க, கவலைப்படும் தலைமையாசிரியர் போன்ற முகத்தோடு இருந்த கோர்டன் செட்டர் இனப் பெட்டை. அப்பாவோடு களஞ்சியத்தில் வேலை செய்த ரோவார் என்ற நோர்வேஜியருடைய நாய் அது. புதருக்குள் பதுங்கியிருக்கும் பறவையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரச் சொன்னால், வாயில் கவ்விய கவ்வில் விலா எலும்பெல்லாம் நொறுங்கிக் கூழாகித்தான் வரும், சில நாள் வராமலும் போகும். ரோவார் புதுக் குட்டியொன்று வாங்கிவிட்டார். பெல்லாவை வடக்கே ஒரு பண்ணைக்காரர் கேட்டிருந்தார். அங்கே போனால் சங்கிலியில் கிடந்து களஞ்சியம் காப்பதுதான் அவளுக்கு மிச்ச வாழ்க்கை. விடுமுறைக்குப் போகிற ரோவார் சில கிழமைக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, யாருக்கும் "ஏலாது" என்று சொல்லிப் பழக்கமில்லாத அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு வயதில் வந்தபோது நாயைப்பற்றி நான் கொண்டுவந்த அறிவு ஒரே ஒரு சொல்தான்: ஓடு. ஆகவே முதல் கிழமை முழுவதும் சோபாவின் முதுகில்தான் குடியிருந்தேன். சாப்பாடும் அங்கேதான், வீட்டுப்பாடமும் அங்கேதான். ஒருநாள் கீழே இறங்கத் துணிவில்லாமல் கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெல்லா எங்கோ போய் என் சப்பாத்தில் ஒன்றைக் கொண்டுவந்து சோபாவுக்குக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கேட்காமலே ஒருவர் எனக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து தந்தது அதுதான் முதல் தடவை. சப்பாத்து பிறகு காலில் போடும் நிலையில் இருக்கவில்லை என்பது வேறு கதை. அன்றைக்கு இறங்கியவன்தான், பிறகு ஏறவில்லை.

விடுமுறை முடிந்து ரோவார் கூட்டிப்போக வந்தபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றதாக அம்மா சொல்லுவா. ரோவார் கோபக்காரரல்ல. இலையுதிர்காலத்துக் காட்டுக்கோழி வேட்டை தொடங்குவதற்குள் இவள் ஒரு பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து இவன் கையில் கொடுத்தால், நாய் இவனுக்கே. வேட்டை நாட்களில் மட்டும் நான் இரவல் வாங்கிக்கொள்வேன் என்றார். கொடுக்காவிட்டால் வடக்கே. நாயை முதலில் மரக்கட்டையில் பழக்க வேண்டும், பிறகு பறவையில். "அப்போர்ட்" என்றால் எடுத்துவர வேண்டும், "தக்" என்றால் வாயைத் திறந்து விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பழக்குவதற்கான பறவை உள்ளே இருக்கிறதென்று ஒரு பொலித்தீன் பையையும் தந்துவிட்டுப் போனார்.

"தக்" என்றால் நோர்வேஜிய மொழியில் நன்றி. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதேயில்லை. அம்மா தேத்தண்ணி கொடுத்தால் அப்பா வாங்குவார், குடிப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் அந்தச் சரிவில் நின்று, எச்சில் வடியும் மரக்கட்டைக்காக ஒரு நாய்க்குத் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிக்கொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்த அம்மாவின் முகத்தை நான் இங்கே வர்ணிக்கப்போவதில்லை.

பொலித்தீன் பை குளிர்ப்பெட்டிக்குள் போனது. ஆடி அமாவாசைக்கு முதல்நாள் அம்மா பெட்டியைக் கழுவித் துடைக்க எடுத்தபோது, கோழியாக்கும் என்று பையைப் பிரித்திருக்கிறா. உள்ளே விறைத்துப்போய்க் கிடந்தது சாம்பல் சட்டை போட்ட நோர்வேஜியக் காகம். இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் நாயைப் பழக்குவதற்குக் காகத்தைப் பயன்படுத்துவது சாதாரணம். செத்துப்போன அப்பப்பாவை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைக்கும் நாளுக்கு முதல்நாள் அதை யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பது சாதாரணமல்ல.

அம்மா பையைத் திரும்ப முடிந்தா. "நாளைக்கு உன்ரை அப்பப்பாவுக்குச் சோறு வைக்கோணும் எண்டு நான் நிக்கிறன்," என்றா. "நீ அவரையே பிடிச்சு ஐஸ்பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறாய்."

அப்பா காகத்தைக் கொண்டுபோய் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் புதைத்து, யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து, ஒரு கட்டிக் கற்பூரமும் கொளுத்தினார். மூன்றாம் மாடிக் கிழவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்.

காகம் போனதோடு கஷ்டம் முடியவில்லை. அமாவாசை முடிந்த கையோடு நல்லூர்த் திருவிழா தொடங்கும். கோயில் எத்தனை கடல் தாண்டி இருந்தாலும், கொடி ஏறினால் இறங்கும்வரை எங்கள் வீட்டுக்குள் "மச்சம்" வரக்கூடாது. மீனில்லை, இறைச்சியில்லை, செத்த பறவைக்குக் கேள்வியேயில்லை. நாய்த் தீனிப் பையில் ஒரு மாட்டுத்தலைப் படம் போட்டிருந்ததால் அதுவும் கீழ்நிலவறைக்குப் போனது. வேட்டை தொடங்குவதற்கு மிச்சமிருந்த நாட்களோ அந்த நாட்கள்தான். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில், வாய் அழுத்தமான நாயை முட்டையில் பழக்கலாம், உடைந்தால் தெரிந்துவிடும் என்று போட்டிருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

"முட்டையும் மச்சம்தான்," என்றா. என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். வெட்டுப்பலகையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து என் கையில் வைத்தா. "இதை எறி. நகம் பட்டாலே காட்டிக் குடுத்திடும். பல்லுப் பட்டாத் தெரியாமலே போகும்?"

அப்படித்தான் நோர்வேயின் வேட்டை நாய்ப் பழக்கத்தில் கத்தரிக்காய் நுழைந்தது. குரொன்லாந்துப் பகுதியிலிருந்த பாகிஸ்தான்காரர் கடையில் அம்மா கத்தரிக்காய் வாங்கிய வேகத்தில், எங்கள் வீட்டில் கலியாணம் என்று கடைக்காரர் நினைத்திருப்பார். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும் விடவில்லை, மழையென்றும் விடவில்லை. நீளக் கயிற்றில் பெல்லாவைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று எறிவேன், "அப்போர்ட்" என்பேன், அவள் பாய்வாள், திரும்பி வரும்போது வாயிலிருந்து பஞ்சும் விதையும் ஒழுகும். முதல் நாட்களில் வந்ததெல்லாம் பச்சைச் சம்பல். பிறகு நான்கு ஓட்டை, பிறகு இரண்டு. ஒவ்வொன்றையும் மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அம்மா சந்தையில் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்ப்பா, திருப்பித் தருவா. "இன்னும் கடிக்கிறாள். போய் எறி." ஒருநாள் பின்னேரம் உருட்டிப் பார்த்தவ, திரும்பவும் உருட்டினா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா. ஒரு கீறல் இல்லை. அன்றைக்குப் பெல்லாவுக்குத் தயிர்ச்சோற்றில் நெய் விழுந்தது.

என் தலையில் இடி விழுந்ததும் அந்த நாட்களில்தான். பாதையோரத்தில் செத்துக் கிடந்த ஒரு குருவியைப் பெல்லா மணந்து பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பருப்பும் சோறும் தின்று, கத்தரிக்காயைக் கவ்வி, ஒவ்வொரு மாலையும் சாம்பிராணிப் புகைக்குள் படுத்து, நாய் சைவமாகிவிட்டது. கத்தரிக்காயை மட்டும் வேட்டையாடும் நாயை யார் வைத்திருப்பார்கள்? அன்றிரவு சாமிப்படத்தின்முன் நின்று, இவளுக்கு மட்டும் விரதத்தை முறித்துவிடும்படி முருகனிடம் கேட்டேன். அப்படியொரு வரத்தை அவரிடம் வேறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கொடி இறங்கிய கிழமையே ரோவார் வந்தார், காரில் அன்று சுட்ட காட்டுப்புறாவோடு. புறா வேட்டைக்கு மட்டும் காலம் முன்பே தொடங்கிவிடும். பின்னிருக்கையில் நாய்க்கூடு கதவு திறந்தபடி இருந்தது. நான் குளிர்ச்சட்டைக்குள் ஒரு கத்தரிக்காயை ஒளித்து வைத்திருந்தேன், எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாது. புறாவுக்குள் அதைத் திணிக்கலாம் என்று யோசித்திருப்பேன் போல. அவர் புறாவை உயரமான புல்லுக்குள் எறிந்தார். கயிற்றைக் கழற்றச் சொன்னார். என் வாயிலிருந்து "அப்போர்ட்" வந்தது.

இந்த இடத்திலிருந்து நான் நிறையக் கதை சொல்வேன். பெல்லா மூன்று தரம் வலம் வந்தாள் என்பேன். மழை விட்டு வெயில் எறித்தது என்பேன். ஒரு காகம் வந்து வழிகாட்டியது என்றுகூட ஒரு கலியாணவீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சரிவில் இறப்பர்த் தரை போட்ட விளையாட்டிடம் இருக்கிறது. சைக்கிள் கொட்டகையை இடித்துவிட்டார்கள். ரோவார் இல்லை, பெல்லா போய் எத்தனையோ காலம். ட்வெய்ட்டாவில் இருக்கும் அம்மா, தனக்கு நாய் என்றாலே பிடிக்காது என்று வருவோர் எல்லோரிடமும் சொல்கிறா. கத்தரிக்காய் இப்போது எந்தச் சூப்பர்மார்க்கட்டிலும் பிளாஸ்டிக் சுற்றிக் கிடைக்கிறது. போன கிழமை பியோர்ண்டாலில் எங்கள் சமையலறையில் காகத்துக் கதையைத் தொடங்கியபோது என் மகள் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அப்பா, புளுகினது காணும். நடந்ததைச் சொல்லுங்கோ."

நடந்தது இது. பெல்லா சைவமாகவில்லை, திருவிழாக் காலம் முழுவதும் அப்பா வேலைத்தலத்து இறைச்சி உருண்டைகளைக் காருக்குள் வைத்து அவளுக்குக் கொடுத்துவந்திருக்கிறார். புல்லுக்குள் போனவள் புறாவோடு நேரே என்னிடம் வந்தாள். நான் பயத்தில் பின்னால் போனேன், அவளும் வந்தாள். முதுகு மரத்தில் முட்டியது. செத்த பறவையை அதுவரை தொட்டதில்லை. இரண்டு கையையும் நீட்டினேன், "தக்" என்றேன், அவள் விட்டாள். ரோவார் இறகை விலக்கி விலாவை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. அவர் கூட்டின் கதவைச் சாத்திவிட்டு, நாயில்லாமல் திரும்பிப் போனார்.