பச்சோந்திக்காக நின்ற பஸ்

மஞ்சூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டிப்போ வாட்ஸ்அப் குழுவில் டிரைவர் சவரிமுத்துவின் படம் வந்தது. விடிகாலையில் மாரடைப்பாம். ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. அஞ்சலிச் செய்திகள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர், “நம்ம பச்சோந்தி டிரைவரா?” என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த எரிச்சலில் பாதி டீயைக் கீழே கொட்டினேன்.

டிப்போ நண்பர்களே, அந்தப் பட்டப்பெயர் பரவியதில் எனக்கும் பங்குண்டு. ஏழு வருடம் அவர் ஓட்டிய கோயம்புத்தூர் பஸ்ஸில் நான்தான் கண்டக்டர். கெத்தை மலைப்பாதையில் இறங்கி முள்ளியை நெருங்கினால் குளிர் போய் முள்மரக் காடு வந்துவிடும். மழை ஓயும் சமயத்தில் அங்கே பச்சோந்திகள் ரோட்டைக் கடக்கும். ஒரு காலைத் தூக்கும், வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடும், பிறகுதான் வைக்கும். அதுவரை பஸ் நிற்கும். ஆபீஸ் போகிறவர்கள் கத்துவார்கள். அவர் பாட்டுக்கு ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பார், வசவு வாங்குவது நான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், நிறம் மாறி ஏமாற்றுகிற பிராணிக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “ஏமாத்தறதுக்கு மாத்தறதில்லீங்க. குளுந்தா, பயந்தா, கோவம் வந்தா நிறம் மாறும். உங்க மூஞ்சி இப்ப செவந்திருக்குதே, அதாட்டந்தான்.” பஸ்ஸே சிரித்தது. எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரே ரோட்டை இருபது வருடம் பார்த்தவர். மரத்திலேயே வாழும் பச்சோந்தி, முட்டையிட மண்ணில் குழி தோண்டத்தான் கீழே இறங்குகிறது என்பார். ரோட்டிலேயே நின்றுவிடுவதை அவரே இறங்கிக் குச்சியில் ஏற்றி ஓரத்து மரத்தில் விடுவார். ஒன்றில் மட்டும் கண்டிப்பு: “எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே விடோணுமுங்க. திருப்பி விட்டா மறுக்காவும் ரோட்டுக்குத்தான் வரும்.”

அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு இறங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரு நாள் வயிறு புடைத்த பச்சோந்தி ஒன்று. பிரேக் பிடிப்பதற்குள் பஸ் அதன் மேலேயே கடந்துவிட்டது. நல்லவேளை, சக்கரம் படவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குச்சியை நீட்டினேன். உடம்பை உப்பிக்கொண்டு சீறியது, பிறகு இடுக்கி மாதிரியான கால்களால் குச்சியைப் பற்றியது. அது போக நினைத்த பக்கம் செங்குத்தான சரிவு. ஏற்கெனவே இருபது நிமிடம் லேட். அது வந்த பக்கத்திலேயே கைக்கெட்டிய மரத்தில் விட்டுவிட்டு விசில் ஊதினேன்.

மறுநாள் அதே இடத்தில் அது நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் முட்டைகள். சவரிமுத்து நொண்டியபடி இறங்கிவந்து பார்த்தார்.

“நேத்து எந்தப் பக்கமுங்க விட்டீங்க?”

“அது போன பக்கந்தானுங்க.”

“அப்ப இது வேற ஒண்ணாட்டம் இருக்குது,” என்றார். ஒரு இலையால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு வந்து வண்டியை எடுத்தார். அவர் நம்பிவிட்டார். ஒரு அதட்டல் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு பிராணியை அவ்வளவு உற்றுப் பார்த்த மனிதர் என் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை அவர் மேல் கோபம் வருகிறது. என் மேல் வருவதை எழுதி மாளாது.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அவருடைய மகள் சொன்னாள்: “பச்சோந்தியச் சரியான பக்கம் விடத் தெரிஞ்ச ஒரே கண்டக்டர் நீங்கதான்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாருங்க.” அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது பஸ்ஸை நிறுத்தச் சொல்வது நான். சரிவில் இறங்கி, அது போகிற பக்கமே விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வருகிறேன். புது டிரைவர் என்னைப் பெரிய மனுசன் என்கிறார். சவரிமுத்து எனக்கு விட்டுப்போனது அந்த நல்ல பெயர்தான். அது எனக்குரியதல்ல என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.